கடைசிக்கு முந்தின பெஞ்சு

கல்லூரி திறந்த புதிதில் ஒரு காலை எட்டு மணிக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். முதலாண்டுப் பிள்ளைகளை அடையாளம் காண்பது சுலபம். எல்லார் கழுத்திலும் புத்தம் புது அடையாள அட்டை பளபளக்கும். ஒருவன் மட்டும் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அட்டையைச் சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருப்பான். பேர், துறை, இரத்த வகை இதெல்லாம் ஊருக்குத் தெரிவதில் அவனுக்கு இஷ்டமில்லை. தூணோரமாக நிற்பான். பஸ் வந்தால் கடைசி ஆளாக ஏறுவான். தெரிந்தவர் யாராவது “இன்னாப்பா, காலேஜா?” என்று கேட்டால் தலை ஒருமுறை அசையும். அன்றைய சொற்பொழிவு அத்துடன் முடிந்தது.

இவன்தான் நம்ம ஆள், முதலாண்டுக் கூச்சக்காரன். இந்த ரகம் ஊருக்கு ஊர் உண்டு என்றாலும் ஆரணிச் சரக்குக்கு ஒரு தனி வார்ப்பு இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது.

ஆரணி புதுக்காமூரில் புத்திரகாமேட்டீஸ்வரர் கோவில் இருக்கிறது. தசரதனோடு சம்பந்தப்படுத்தித் தலபுராணம் சொல்லுகிற கோவில். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் அதிகம். நம்ம ஆளின் அப்பா அம்மாவும் போய் வேண்டிக்கொண்டவர்கள்தான். பிள்ளை வேண்டும் என்று கேட்டார்களே தவிர, பேசுகிற பிள்ளை வேண்டும் என்று விவரமாகக் கேட்கவில்லை. சாமி கேட்டதை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டது.

அவன் வளர்ந்தது தறி வீட்டில். நடுவீட்டில் குழித்தறி. மிதி இறங்குகிற சத்தம், நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிற சத்தம், அச்சு வந்து அடிக்கிற சத்தம் என்று விடிந்ததிலிருந்து ஒரே தாளம். அதைத் தாண்டி ஒரு பேச்சு காதில் விழ வேண்டுமானால் கத்த வேண்டும். கத்தத் தெரிந்த பிள்ளைகள் பிற்காலத்தில் கட்சிகளில் சேர்ந்தார்கள். கத்தத் தெரியாத நம்ம ஆள் சும்மா இருக்கப் பழகிக்கொண்டான். பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு பிணைக்கிற அன்றைக்கு வீடே ஊமையாகிவிடும். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று எடுத்து, விரலால் முறுக்கி, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் போதும், “சும்மா இருடா, இழ மாறிடும்” என்று ஒரு அதட்டல் வரும். பதினேழு வருடம் ‘சும்மா இரு’ என்று கேட்டு வளர்ந்தவனை ஒரு திங்கட்கிழமை காலையில் வகுப்பில் நிறுத்தி “ஏன் சும்மா இருக்கிற? பேசு” என்றால் அவன் எங்கே போவான்?

ஊரும் கொஞ்சம் கூச்ச சுபாவம்தான். காஞ்சிபுரம் என்று சொன்னால் அடுத்த வார்த்தை பட்டு என்று தானாக வாயில் வந்து நிற்கும். ஆரணிப் பட்டு எடையில் குறைவு, விலையில் குறைவு, விளம்பரத்தில் ரொம்பவும் குறைவு. புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. அதையும் சட்டைப் பைக்குள்தான் வைத்திருக்கிறது. “இங்க நெய்யறது அங்க போயி வேற பேர்ல கல்யாணம் கட்டிக்குது” என்று தெருத் திண்ணையில் பெரியவர்கள் சொல்வார்கள். சொல்வதையும் மெதுவாகத்தான் சொல்வார்கள்.

பன்னிரண்டாவது முடித்ததும் நம்ம ஆள் பல திசையில் பிரிகிறான். கலை, அறிவியல் என்றால் இரும்பேடு, செய்யாறு, திருவண்ணாமலை, வேலூர். மார்க் தூக்கலாக வந்துவிட்டால் கிண்டிப் பொறியியல் கல்லூரி. கிண்டிக்குப் போனவன் பாடு தனிப் பாடு. “எந்த ஊரு?” என்பார்கள். “ஆரணி” என்பான். “பெரியபாளையம் பக்கத்துல இருக்கே, அந்த ஆரணியா?” என்பார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் அப்படி ஓர் ஆரணி இருப்பது நிஜம். இல்லை என்று மறுத்தால் மாவட்டம் சொல்ல வேண்டும், பக்கத்து ஊர் சொல்ல வேண்டும், வழி சொல்ல வேண்டும். ஆமாம் என்று தலையாட்டினால் தீர்ந்தது. ஆட்டிவிடுவான். பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்புகிற வரைக்கும் அவன் திருவள்ளூர் மாவட்டத்துக்காரன்தான்.

வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று தச்சூரில் சேர்ந்தவன் கதை இன்னும் ருசி. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக 2009இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி அங்கே தேவிகாபுரம் சாலையில் இருக்கிறது. கலந்தாய்வு வழியாக இடம் கிடைப்பதால் எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வருகிறார்கள். நியாயப்படி கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள். நம்ம ஆள் உள்ளூர்க்காரன், மாப்பிள்ளை முறுக்கோடு நடக்கலாம். நடப்பதோ தலைகீழ். விடுதிக்கு வந்து பத்து நாள் ஆவதற்குள் நாகர்கோவில் பையன் ஒருவன் இவன் தோளில் கை போட்டு, “மக்கா, டவுண்ல நல்ல புரோட்டா எங்கடே கிட்டும்?” என்கிறான். “தெரியல” என்கிறான் நம்ம ஆள். பொய்யில்லை, உண்மையாகவே தெரியாது. கடைக்குள் போய் உட்கார்ந்து சர்வரைக் கூப்பிட்டால்தானே தெரியும்! அடுத்த வாரம் நாகர்கோவிலே கடையைக் கண்டுபிடித்து, நம்ம ஆளைக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்.வி. நகரத்து ஜாகிர்தார் அரண்மனையையும் சுற்றிக் காட்டியது. பிறந்த ஊரைப் பற்றி நம்ம ஆள் இவ்வளவு தெரிந்துகொண்டது குமரி மாவட்டத்தின் தயவில்தான்.

பஸ்ஸிலும் ஒரு சங்கடம் உண்டு. காலையில் கல்லூரி வாசலில் கூட்டமாக இறங்குவார்கள், கவலையில்லை. சாயங்காலம் திரும்பும்போது தன் தெருமுனையில் நிறுத்தச் சொல்லி “எறக்கம்!” என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். ஐந்து எழுத்துதான். தொண்டை வரைக்கும் வரும், வந்து உட்கார்ந்துகொள்ளும். வேறு யாராவது எங்கே இறங்குகிறார்களோ அங்கே இவனும் இறங்கி வீட்டுக்கு நடந்து வருவான். முதலாண்டு முழுக்க அவன் உடம்பு கச்சிதமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன் என்று ஒரு சடங்கைக் கண்டுபிடித்தவர் யாரோ, கூச்சக்காரர்கள் சாபம் அவரைச் சும்மா விடாது. பெஞ்சு வாரியாக எழுந்து பேசிக்கொண்டே வருவார்கள். தனக்கு முன்னால் பேசுகிற யார் பேரும் நம்ம ஆள் காதில் ஏறாது. உள்ளே ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும்: ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம் ஆரணி. மை ஃபாதர் ஈஸ் எ வீவர். மை மதர் ஈஸ் எ ஹவுஸ் ஒய்ஃப்.’ அம்மா விடியற்காலையில் எழுந்து தார் சுற்றி வைக்காவிட்டால் அப்பாவின் தறி ஒரு அங்குலம் நகராது. ஆனால் அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகையால் ஹவுஸ் ஒய்ஃப். இவன் முறை வருகிற நேரத்தில் மணி அடித்துவிடும். அந்த ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவான். மறுநாள் காலை ஆசிரியர் உள்ளே வந்ததும், “நேத்து எங்க விட்டோம்?” என்பார்.

இடம் பிடிப்பதில் மட்டும் இவன் சூரன். முதல் பெஞ்சில் சந்தேகம் கேட்கிற கோஷ்டி உட்காரும். கடைசி பெஞ்சு பாதுகாப்பு என்று நினைப்பவன் விவரம் தெரியாதவன். ஆசிரியர் வந்ததும் கண் போகிற முதல் இடம் அதுதான். கடைசிக்கு முந்தின பெஞ்சு, சுவரோரம், முன்னால் உயரமாக ஒருத்தன். இதைவிடப் பத்திரமான இடம் எந்தக் கல்லூரியிலும் கிடையாது. அந்த உயரக்காரன் லீவு போட்ட அன்றைக்கு நம்ம ஆளும் பாதி லீவில்தான் இருப்பான்.

வருகைப் பதிவில்தான் வேடிக்கை. பேர் கூப்பிட்டதும் “பிரசென்ட் சார்” என்பான். அவன் சொன்னது அவனுக்குக் கேட்கும். ஆசிரியருக்குக் கேட்காது. ஒரு நாள் தவறாமல் வந்தும் ஆப்சென்ட் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவன் பரிதாபப்பட்டு இவனுக்காக உரக்க “பிரசென்ட் சார்” சொல்ல ஆரம்பித்தான். வராதவனுக்குப் புராக்ஸி கொடுப்பது உலக வழக்கம். வந்து உட்கார்ந்திருப்பவனுக்கே புராக்ஸி தேவைப்பட்டது இவன் ஒருத்தனுக்குத்தான்.

கேன்டீன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. முதல் நாள் டீ கேட்டான். கூட்ட நெரிசலில் மாஸ்டர் காதில் எப்படி விழுந்ததோ, காபி வந்தது. “அண்ணே, டீ கேட்டேன்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, குடித்துவிட்டான். மறுநாள் மாஸ்டர் முகம் பார்த்ததும், “காபி தம்பிக்கு ஒரு காபி!” என்றார். ஒரு மனிதர் இவ்வளவு ஞாபகம் வைத்துக்கொண்டு அன்பாகக் கொடுக்கும்போது எப்படி மறுப்பது? காபி பிடிக்காத பையன் முதல் செமஸ்டர் முழுவதும் காபி குடித்தான்.

சீனியர்கள் என்றால் ஆரம்பத்தில் குலை நடுக்கம். ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் வந்துவிட்டது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளும் சேர்ந்துகொண்டன. மாணவனிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழி வாங்கித்தான் சேர்க்கிறார்கள். இதனால் பயம் இப்போது இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. படிக்கட்டில் ஒரு சீனியர் எதிர்ப்பட்டு, “தம்பி, பேரு என்ன?” என்றார். நம்ம ஆள் பேசாமல் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். சீனியர் முகம் வெளுத்துப் போயிற்று. “ஐயோ தம்பி, சும்மாதான் கேட்டேன். எதுவும் எழுதிக் குடுத்துடாத” என்று சொல்லிவிட்டு அவர் ஒரு பக்கம் ஓட, இவன் ஒரு பக்கம் ஓடினான்.

பெண்பிள்ளைகளிலும் இந்த ரகம் உண்டு. ஆனால் அவர்களுக்குக் கூச்சம் இருந்தால் ‘அடக்கமான பொண்ணு’ என்று நல்ல பேர் வந்துவிடுகிறது. யாரும் குணப்படுத்த வருவதில்லை. என்றைக்காவது வாயைத் திறந்தால்தான் ஊர் கூடுகிறது.

பையனைக் குணப்படுத்த ஆள் தட்டுப்பாடே கிடையாது. எதிர்வீட்டுப் பெரியப்பா முதல் ஆள். “காலேஜி போற புள்ள நாலு பேர்கிட்ட பழகணும்பா. இங்கிலீஷ்ல தைரியமா பேசணும்” என்பார். கூலியை ஏற்றிக் கேட்க முதலாளி வீட்டுத் திண்ணைக்குப் போய், சொல்ல வந்ததைச் சொல்லாமல் மோர் குடித்துவிட்டுத் திரும்பிய பெரியப்பாதான் இவர்.

பெரியப்பாவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இதே ஆரணியில் 1751 டிசம்பரில் சண்டை போட்டு ஜெயித்த ராபர்ட் கிளைவ், 1744இல் கும்பினி எழுத்தராகச் சென்னையில் வந்து இறங்கியபோது பதினெட்டு வயசுப் பையன். தெரிந்தவர் இல்லை, தானாகப் போய்ப் பேசக் கூச்சம், வீட்டு ஏக்கம். கவர்னரின் புத்தக அறைதான் துணை. ஏழு வருடத்தில் அவனுக்குக் கூச்சம் தெளிந்தது. அப்புறம் நம் நாட்டுக்கு என்ன ஆயிற்று என்பது சரித்திரம். சில பேர் கூச்சக்காரர்களாகவே இருந்துவிடுவது மற்றவர்களுக்கு நல்லது.

கூச்சம் தெளியாமலே பேர் வாங்கியவர்களும் உண்டு. 1933இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பால் டிராக் வாயைத் திறப்பதே அபூர்வம். கேம்பிரிட்ஜில் அவர் சகாக்கள் வேடிக்கையாக ஓர் அளவையே உண்டாக்கினார்கள்: மணிக்கு ஒரு வார்த்தை பேசினால் அது ஒரு டிராக். அந்தக் கணக்குப்படி நம்ம ஆள் வீட்டில் பத்து டிராக், பஸ்ஸில் ஒன்று, வகுப்பில் சுழியம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் ஜிம்பார்டோ என்ற உளவியலாளர் 1970களில் கேட்டுப் பார்த்தபோது, பத்தில் நாலு பேர் தங்களைக் கூச்சக்காரர்கள் என்றே சொன்னார்கள். அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்துமானால் அறுபது பேர் வகுப்பில் இருபத்துநாலு பேர். ஒவ்வொருவனும் தான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு மற்ற இருபத்துமூன்று பேரையும் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறான்.

நம்ம ஆளின் வாய் எப்படித் திறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழகம் 2022 முதல் பொறியியல் முதலாண்டுக்கு இரண்டு தமிழ்ப் பாடங்களை வைத்திருக்கிறது. முதல் பருவத்தில் ‘தமிழர் மரபு’, இரண்டாம் பருவத்தில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’. இந்த இரண்டாவது பாடத்தின் முதல் அலகிலேயே நெசவு வந்துவிடுகிறது.

ஆசிரியர் உற்சாகமாக ஆரம்பித்தார். கீழடியில் கிடைத்த தக்களியைப் பற்றிச் சொன்னார். “இங்க யாராவது தறியைப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார். நாகர்கோவில் கை தூக்கியது: “யூட்யூப்ல பாத்திருக்கேன் சார்.” நம்ம ஆளின் இரண்டு கையும் மேசைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. ஆசிரியர் போர்டில் நெடுக்காக நாலு கோடு, குறுக்காக நாலு கோடு போட்டு, “நெடுக்க போறது ஊடை, குறுக்க போறது பாவு” என்றார்.

“மாத்தி சார்.”

வகுப்பு முழுக்கத் திரும்பியது. அந்தக் குரலை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை என்பதால் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. தினமும் புராக்ஸி கொடுக்கிற பக்கத்துப் பையனே எதிர்த் திசையில் தேடினான். “யாருப்பா அது?” என்றார் ஆசிரியர். நம்ம ஆள் எழுந்து நின்றான். அவன் எழுந்ததை அவனே எதிர்பார்க்கவில்லை.

“நெடுக்க இருக்கறதுதான் சார் பாவு. குறுக்க ஓடறது ஊடை.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வீட்ல தறி இருக்குது சார்.”

“அப்ப நான் கேட்டப்ப ஏன் கை தூக்கல?”

“பாத்திருக்கீங்களான்னு கேட்டீங்க சார். நெய்வீங்களான்னு கேக்கல.”

ஆசிரியர் சாக்பீஸை அவன் கையில் கொடுத்துவிட்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மிதியை மிதித்தால் விழுது எழுவது, பாவு பிரிந்து வழி விடுவது, அந்த வழியில் நாடா பாய்வது, ஒரு நிறத்து உடலையும் வேறு நிறத்துக் கரையையும் கோர்வை போட்டு இணைக்க இன்னொரு ஆள் பக்கத்தில் உட்காருவது என்று வரைந்து வரைந்து சொன்னான். கடைசியில் தறிக்கு மேலே ஜக்கார்ட் பெட்டியைப் போட்டான். அட்டையில் ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது, மாங்காய் வேண்டுமா மயில் வேண்டுமா என்பதை அட்டைதான் தீர்மானிக்கிறது என்றான். பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார் 1804இல் உருவாக்கிய ஏற்பாடு இது. இதே துளை அட்டையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்ள நினைத்தார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹொலரித் எண்ணியதும் துளை அட்டைகளை வைத்துத்தான். கம்ப்யூட்டர் படிக்க வந்த பிள்ளை, கம்ப்யூட்டரின் பாட்டன் தலைக்கு மேலே தொங்க, அதன் கீழேயே பாய் விரித்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. டிராக் கணக்கு அன்றோடு காலாவதியானது. அந்த வேகத்தில் நேரே கேன்டீனுக்குப் போய், “அண்ணே, ஒரு டீ” என்றான் தெளிவாக. மாஸ்டர் நிமிர்ந்து பார்த்து, “இன்னா தம்பி, எப்பவும் காபிதான? கலந்துட்டனே!” என்றார். நம்ம ஆள் ஒரு கணம் யோசித்தான். “சரிண்ணே, குடுங்க” என்று காபியை வாங்கிக்கொண்டான். சீர்திருத்தம் படிப்படியாகத்தான் வரும்.

மறுநாளிலிருந்து புதுத் தொல்லை. “டேய், அக்காவுக்குக் கல்யாணம். உங்க வீட்ல தறி வெலைக்கு ஒரு புடவை கெடைக்குமா?” என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது, அப்பா வாங்குவது கூலி மட்டும், நெய்து முடித்த புடவை அவர் கையில் ஒரு ராத்திரி கூடத் தங்காது என்பதை ஒவ்வொருத்தருக்கும் விளக்க வேண்டியதாயிற்று. பேசப் பேசப் பழகிப் போயிற்று. இங்கிலீஷ் வகுப்பில் மறுபடியும் அறிமுகம் செய்யச் சொன்னபோது, “மை மதர் ஆல்சோ வீவர்” என்றான். இலக்கணம் சரியா என்று தெரியாது. விஷயம் சரி.

ஆகவே பேராசிரியர்களுக்கும் சீனியர்களுக்கும் எதிர்வீட்டுப் பெரியப்பாக்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடைசிக்கு முந்தின பெஞ்சுப் பையனிடம் ‘பேசு பேசு’ என்று சொல்லாதீர்கள். அது தூங்குகிறவனை எழுப்பி ‘தூங்கு’ என்று சொல்வதற்குச் சமம். ஆளுமை வளர்ச்சி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். அவனுக்கு எது நன்றாகத் தெரியும் என்று விசாரியுங்கள். தறியோ, நெல்லு மில்லோ, கிரிக்கெட்டோ, மாட்டுக்கு வைத்தியமோ, ஏதாவது ஒன்று இருக்கும். அதில் ஒரு தப்பை அவன் காதுபடத் தைரியமாகச் சொல்லுங்கள். ஒரு இழை மாறினாலும் புடவை பாழ் என்று கேட்டு வளர்ந்தவன், பொறுக்கவே மாட்டான். டீ விஷயத்தை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இன்னும் மூன்று வருடம் பாக்கியிருக்கிறது.